தினம் இரண்டு கரண்டி கடலை வெண்ணெய்

"பதினேழு" என்றாள் ஜுமானா, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தலையை வெளியே இழுத்துக்கொண்டு. "பின்னால ஒண்ணு சாஞ்சு கெடக்கு. அதையும் சேத்துத்தான் பதினேழு."

"நல்லா எண்ணினியா?"

"உம்மா, காலேஜ்ல நான் கணக்குத்தான் படிக்கிறேன்."

காலிதா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் கணவர் பாக்கர் கீழக்கரைக்கு வந்துவிடுவார். லீவுக்கு அல்ல. இருபத்தாறு வருட வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு, ஒரேயடியாக வருகிறார்.

அலமாரியில் இருந்தவை பீநட் பட்டர் பாட்டில்கள். அந்த வீட்டில் அதற்குக் கடலை வெண்ணெய் என்று பெயர். பதினேழில் ஒன்றுக்குக்கூட மூடி திறக்கப்படவில்லை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் போன வாரம் போனில் காலிதா தன் வாயால் சொல்லியிருந்தாள்: "எல்லாம் தீந்துபோச்சு மச்சான். கடைசி பாட்டிலை வழிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன்."

பாக்கர் சந்தோஷமாகச் சிரித்தார். "நெனச்சேன். அதான் இந்தத் தடவ பெரிய பாட்டிலா ஒரு டஜன் எடுத்திருக்கேன்."

இந்தப் பொய்க்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் இந்நேரம் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நோன்புப் பெருநாளுக்குப் பாக்கர் ஒரு பெட்டி அனுப்பினார். அதைக் கட்டியது அவருடைய அறைத்தோழர் காஜா நவாஸ். பாம்பன்காரர். பெட்டி கட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கட்டின பெட்டியில் முட்டையை வைத்தால் குஞ்சு பொரித்தாலும் பொரிக்கும், உடையாது என்பார்கள். அந்தப் பெட்டியில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர்க்கடிகாரம், இரண்டு போர்வை, பால்பவுடர், அத்தர், ஜுமானாவுக்கு ஒரு பொம்மை, இந்தக் கடலை வெண்ணெய் ஒரு பாட்டில் எல்லாம் இருந்தன. கடிகாரம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இன்றும் கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டி வந்தால் அந்தத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. பிரித்த அன்றைக்கே போன் போட்டு, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் பேர் சொல்லிப் பாராட்டிவிட வேண்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. விட்டுப்போன அந்த ஒன்றை வாங்கத்தான் அந்த மனுசன் வெயிலில் அதிக தூரம் நடந்திருப்பான்.

காலிதா எல்லாவற்றையும் பாராட்டினாள். கடிகாரத்தை, போர்வையை, அத்தரை. கடைசியில் பாட்டிலுக்கு வந்தாள். அதில் ஒரு கரண்டி எடுத்து அவள் ஏற்கெனவே வாயில் போட்டுப் பார்த்திருந்தாள். அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு கால் மணி நேரம் இறங்க மாட்டேன் என்றது. இருந்தாலும் சொன்னாள்.

"அந்தக் கடலை வெண்ணெய் இருக்கே மச்சான், அம்புட்டு ருசி. இனிமே தினம் ரெண்டு கரண்டி திங்கப் போறேன்."

மறுமுனையில் பாக்கர் ஒரு தடவை இருமிக்கொண்டார்.

"அப்படியா? அம்புட்டுப் பிடிச்சிருக்கா?" என்றார் பாக்கர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில் ஆறு, எட்டு, பத்து என்று பாட்டில்கள் வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வந்தபோதெல்லாம் காலிதா அவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு கரண்டி தின்று காட்டினாள். அவரும் எதிரே உட்கார்ந்து, துணைக்கு இரண்டு கரண்டி தின்றார். அவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போன பிறகு மறுபடியும் அலமாரிக் கதவு சாத்தப்படும்.

"பேசாம உண்மையைச் சொல்லிரு உம்மா" என்றாள் ஜுமானா.

"என்னன்னுடி சொல்ல? போன வாரம் உங்க வாப்பா என்ன சொன்னாங்க தெரியுமா? 'காலிதா, நான் உனக்கு நகை நட்டுன்னு பெருசா ஒண்ணும் செய்யலே. புள்ளை பொறந்தப்பக்கூடப் பக்கத்துல இல்லே. ஆனா உனக்குப் பிடிச்ச ஒண்ணை மட்டும் மொடங்காம அனுப்பினேன். அந்த ஒரு நிம்மதியோடதான் ஊருக்கு வாரேன்'னாங்க. அந்த நிம்மதியை நான் பிடுங்கவா?"

ஜுமானா பாட்டில்களை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கும் வாப்பா என்றால் உயிர்.

"அப்ப பதினேழையும் நாலு நாள்ல தீக்கணும்."

"தீப்போம். அல்லாஹ் இருக்கான்."

அவனை இதில் இழுப்பது நியாயமா என்று உடனே அவளுக்குச் சந்தேகம் வந்தது. மனத்துக்குள் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

பிடிக்காத பொருளைப் பதினோரு வருடம் வீட்டில் வைத்திருந்தால் அதை வைத்து எல்லாம் செய்யத் தெரிந்துவிடும். கரண்டியோடு நேரே சட்டியில் போட்டால் அடியில் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். முதலில் சுடுதண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, குழம்பு கொதித்து அடங்கும்போது ஊற்ற வேண்டும். வெளிநாட்டுப் பாட்டிலில் சர்க்கரை உண்டு என்பதால் மிளகாயும் புளியும் ஒரு கை கூட. தேங்காய் இல்லாத நாளில் அதே கரைசலில் வறுத்த மிளகாயும் உப்பும் புளியும் சேர்த்துக் கடுகு தாளித்தால், இட்லிக்குச் சட்னி. தின்னத்தான் அவளுக்குப் பிடிக்காது, சமைக்கத் தெரியும். மருந்துக் கடைக்காரர் எல்லா மருந்தையும் குடித்துப் பார்த்தா விற்கிறார்?

அன்று பெரிய சட்டியில் கோழி ஆணம் வைத்தாள். முந்திரிக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பதிலாகக் கடலை வெண்ணெயைக் கரைத்து ஊற்றியதில் குழம்பு நன்றாகத் திரண்டு நின்றது. இன்னொரு சட்டியில் எண்ணெய்க் கத்தரிக்காய். இரண்டிலுமாக இரண்டு பாட்டில் முழுசாக இறங்கியது. ஐந்து பாத்திரங்களில் ஊற்றி, தெருவில் ஐந்து வீடுகளுக்கு ஜுமானாவிடம் கொடுத்தனுப்பினாள்.

"ரெண்டு தீந்துச்சு. பதினஞ்சு" என்று பெருமையாகச் சொன்னாள். "இனித் தினம் அஞ்சு பாட்டிலா வச்சா வியாழக்கெழமைக்குள்ள அலமாரி காலி."

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அந்தத் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஐந்து பாத்திரமும் திரும்பி வந்தன. ஒன்றில் இறால் தொக்கு, ஒன்றில் கறிக்கஞ்சி, ஒன்றில் முட்டை வட்டிலாப்பம், இரண்டில் பிரியாணி. தாயும் மகளும் மூன்று நாள் உட்கார்ந்து தின்றாலும் தீராது.

"இனி எதுக்கு உம்மா அடுப்பு பத்தவைக்கப் போறே?" என்றாள் ஜுமானா. "சமைச்சாத்தானே கடலை வெண்ணெய் போட முடியும்?"

காலிதா வட்டிலாப்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புத்திசாலி காலிதா, உன் புத்திக்கு ஒரு பாத்திரம் வட்டிலாப்பம் பரிசு என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டாள்.

ஐந்தாவது பாத்திரத்தைப் பக்கத்து வீட்டு ஹாஃபிஸா தன் கையாலேயே கொண்டுவந்தாள். காலிதாவைவிடப் பத்து வயது மூத்தவள். நல்ல மனசு, அதைவிட நல்ல குரல்.

"ஏ புள்ளே, அந்தக் கோழி ஆணத்துல என்ன போட்டே? எங்க வீட்டு ஆளு சட்டியை வழிச்சுத் தின்னுட்டாரு."

பொய் சொல்லிச் சலித்திருந்த காலிதா, இதிலாவது உண்மை பேசுவோம் என்று வாயைத் திறந்தாள்.

"மச்சான் அனுப்புற கடலை வெண்ணெய்தான் லாத்தா. சுடுதண்ணியில கரைச்சு ஊத்தினேன்."

"அதுவா! அதை நீ தினமும் ரெண்டு கரண்டி திங்கிறியாமே? பாக்கர் தம்பி போன தடவ வந்தப்ப தெருவெல்லாம் பெருமையடிச்சுச்சு."

"ஆ... ஆமா லாத்தா."

"இரு, வாரேன்."

ஹாஃபிஸா போனாள். கால் மணி நேரத்தில் முந்தானையில் நான்கு பாட்டில்களைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள்.

"எங்க மவன் பர்வேஸ் அனுப்புனது. எங்க வீட்டுல நாய்கூட மோந்து பாக்காது. பிடிச்சவ ஒருத்தி பக்கத்துலயே இருக்கிறப்ப இங்கன எதுக்குக் கெடக்கணும்? வச்சுக்க."

"வேண்டாம் லாத்தா, பர்வேஸ் ஆசையா..."

"அவனுக்கு என்ன தெரியும்? அருமையா இருக்குன்னு நான் போன்ல சொல்லிட்டேன், அவனும் அனுப்பிக்கிட்டே இருக்கான்" என்று ஹாஃபிஸா கண்ணைச் சிமிட்டினாள். "நீ தின்னா எனக்கும் பொய் சொன்ன பாவம் கொஞ்சம் கொறையும்."

காலிதா நான்கு பாட்டிலையும் வாங்கிக்கொண்டாள். அடுத்தவள் பாவத்தைக் குறைக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஹாஃபிஸாவின் நல்ல குரல் தெரு முனைவரை கேட்கும். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து மூன்று பாட்டில் வந்து சேர்ந்தன. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டில் எல்லாம், ஏதோ ஒரு அலமாரியின் ஏதோ ஒரு மூலையில், மூடி திறக்காத ஒரு பாட்டில் இருக்கத்தான் செய்கிறது.

"பதினஞ்சும் நாலும் மூணும் இருபத்திரெண்டு" என்றாள் ஜுமானா. "உம்மா, நாம கொறைக்கிறோமா, கூட்டுறோமா?"

அந்த நேரத்தில்தான் வாசலில் வீரலட்சுமியின் குரல் கேட்டது.

வீரலட்சுமி கடலாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. செவ்வாய்தோறும் பஸ்ஸில் வந்து குண்டு மிளகாயும் உளுந்தும் விற்பாள். இந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் அவள் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. அவளைப் பார்த்ததும் காலிதாவுக்குக் கண் மலர்ந்தது.

"வீரா, உங்க ஊர்ல நாளைக்கு ஏதோ விசேசம்னியே?"

"ஆமாக்கா, எங்க நாத்தனா மகனுக்குக் காதுகுத்து. எரநூறு எலை விழும். தேங்காய் விக்கிற வெலையில சட்னிக்கு என்ன செய்யன்னு எங்க வீட்டுக்காரரு பாண்டித்துரை தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"தேங்காயே வேண்டாம்!" என்றாள் காலிதா.

மிளகாய்ச் சாக்கில் பத்து பாட்டில்களை அடுக்கி, எப்படிக் கரைப்பது, எவ்வளவு புளி, எவ்வளவு மிளகாய் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். வீரலட்சுமி ஒரு பாட்டிலைத் திறந்து சுண்டுவிரலால் தொட்டு நக்கினாள்.

"அட, இது கடலைல்ல?"

"கடலைதான்."

"எங்க காட்டுல வெளையிற கடலையா அக்கா? இது எங்கிட்டுப் போயிட்டு வருது?"

"துபாய்க்குப் போயிட்டு வருது."

"கடலைக்கு வந்த யோகத்தப் பாரு! நான் இன்னும் மதுரையத் தாண்டுனதில்ல."

காலிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடலை விளைகிற ஊர்க்காரிக்குக் கடலையைக் கொடுத்தனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் ஊசி விற்றுவிட்டதே! பத்து பாட்டில் ஒரே மூச்சில் படியிறங்கிப் போனது. மீதி பன்னிரண்டு. அன்று நண்பகல் லுஹர் தொழுகையில் அவள் நெற்றியைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் அதிகமாகவே ஸஜ்தாவில் இருந்தாள்.

புதன்கிழமை நிம்மதியாகப் போனது.

வியாழக்கிழமை காலையில் வீரலட்சுமி வந்தாள். வியாழன் அவள் வருகிற நாள் அல்ல. தலையில் ஒரு சாக்கு, இடுப்பில் ஒரு சாக்கு.

"அக்கா! ஊரே ஒங்க பேரச் சொல்லுது. 'சட்னியா இது, அமுதம்'னு எலைக்கு மூணு தடவ கேட்டு வாங்குனாக. கத்தரிக்காக் கொழம்புக்கும் அதைத்தான் ஊத்துனோம். பத்து பாட்டிலும் காலி."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் காலிதா, மனமார.

"பாட்டிலு எம்புட்டு நல்லாருக்கு! கழுவிக் கொண்டாந்துட்டேன்." வீரலட்சுமி இடுப்புச் சாக்கை இறக்கி வைத்தாள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். பத்து பாட்டில். பத்தும் கழுத்துவரை நிறைந்திருந்தன.

காலிதா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது... என்னது வீரா?"

"வெறும் பாட்டிலை எப்படிக்கா திருப்பித் தாரது? நீங்க என்னிக்காச்சும் என்னை வெறுங்கையோட அனுப்பியிருக்கீகளா? எங்க காட்டுக் கடலை. நேத்து விசேசம் முடிஞ்ச கையோட நாலு பொம்பளைக உக்காந்து வறுத்து, தோலு ஊதி, ஆட்டுக்கல்லுல அரைச்சோம். துபாயில கருப்பட்டி கெடைக்காதுல்ல? நாங்க போட்டிருக்கோம்."

தலைச் சாக்கையும் இறக்கினாள். "அண்ணன் ஊருக்கு வாராகன்னு சொன்னீகளே. இது பச்சக் கடலை. இனி நீங்க துபாயை எதிர்பாக்க வேண்டாம். தீரத் தீர நான் அரைச்சுக் கொண்டாரேன். ஆயுசுக்கும்."

அவள் கைகளைக் காலிதா பார்த்தாள். கடலைத் தோலின் சிவப்பு இன்னும் விரல் இடுக்குகளில் இருந்தது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காலிதாவால் முடியாது. முடியாததால்தானே பதினோரு வருடமாக இந்தப் பாடு.

"அம்புட்டு நல்ல மனசு வீரா உனக்கு" என்று சொல்லி, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாய் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வீரலட்சுமி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பாதி அதுவும் உண்மைதான்.

"இருபத்திரெண்டு" என்றாள் ஜுமானா, வீரலட்சுமி போன பிறகு. "அது போக ஒரு சாக்கு கடலை. அது போக நாளைக்கு வாப்பா கொண்டு வார டஜன். உம்மா, பேசாம வாசல்ல ஒரு போர்டு மாட்டி ஏஜென்சி எடுத்துருவோமா?"

"வாயை மூடுடி. எங்கன ஒளிக்கலாம்னு யோசி."

அரிசி டிரம்மில் போட்டால் முதல் உலைக்கே தெரிந்துவிடும். பரணில் வைத்தால் பெட்டியை வைக்கப் பாக்கர் அங்கேதான் ஏறுவார். கடைசியில் கூடத்துக் கட்டிலுக்கு அடியில் இருபத்திரெண்டையும் படுக்கவைத்து, மேலே நீளமான விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டாள். கடலைச் சாக்கைச் சமையலறை மூலையில் நிறுத்தி வெங்காயத்தைக் கொட்டி மறைத்தாள்.

"ரெண்டு நாள் தாங்கினாப் போதும். பெறகு பாத்துக்குவோம்" என்றாள்.

பெறகு பாத்துக்குவோம் என்றுதான் பதினோரு வருடமும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையிலிருந்து கார் வந்தது. பாக்கர் இறங்கினார். முடி முழுக்க நரைத்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். பின்னாலேயே ஒரு பெரிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு காஜா நவாஸ் வந்தார். அவரும் அதே விமானத்தில் லீவில் வந்தவர். ஜும்மா முடித்து, சாப்பிட்டுவிட்டுப் பாம்பனுக்குப் போவதாக ஏற்பாடு.

காலிதா ஸலாம் சொன்னாள். பாக்கர் பதில் ஸலாம் சொன்னார். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஓடுதே!" என்றார்.

"நீங்க அனுப்புனது ஓடாம இருக்குமா?" என்றாள் காலிதா.

ஜும்மா முடிந்து வந்ததும் பாய் விரித்து, பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறு வைத்தாள். நண்பர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காலிதா சமைத்தது வெறும் கறி ஆணம். அன்றைக்கு ஒருநாளாவது சட்டிக்குள் கடலை வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தாள்.

கறியை எடுத்து வைக்கப் போனவளை வாசலில் ஹாஃபிஸாவின் குரல் நிறுத்தியது.

"காலிதா! பயணம் வந்த புள்ளைக்கு நம்ம தெருச் சாப்பாடு!"

மூன்று பாத்திரங்கள். கோழி ஆணம், எண்ணெய்க் கத்தரிக்காய், இனிப்புக்குத் தொதல். மூன்றையும் திறந்ததும் எழுந்த வாசனை எதனுடையது என்று காலிதா கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள்.

"எல்லாத்துலயும் உங்களுக்குப் பிடிச்சது தாராளமாப் போட்டிருக்கேன் தம்பி" என்றாள் ஹாஃபிஸா. "தொதல்லகூட. நல்லாத் தின்னு."

அவள் போய்விட்டாள். பாக்கர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். இரண்டாவது கவளம். இன்னொரு தம்ளர். காஜா நவாஸ் தலை நிமிராமல் வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாக்கரின் முகம் லீவில் வரும்போதெல்லாம் அவள் பார்த்த அதே முகம்தான். அதை இத்தனை வருடம் பயணக் களைப்பு என்றே நினைத்திருந்தாள்.

"கால் மரத்துப்போச்சு. செத்த நேரம் நீட்டி உக்காந்துக்கிறேன்" என்று பாக்கர் எழுந்தார். கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மெதுவாகப் பின்னுக்கு மடக்கினார்.

குதிகாலில் எதுவோ இடித்தது.

விரிப்புக்குக் கீழேயிருந்து ஒரு பாட்டில் உருண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. பாம்பன் பாலத்தில் ரயில் பெட்டிகள் வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், கூடத்தைக் கடந்து சஹன் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஜுமானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கர் குனிந்து ஒன்றை எடுத்தார். "இது போன வருசம் அனுப்பினது." இன்னொன்றை எடுத்தார். "மூடிகூடத் திறக்கலே." மூன்றாவதைத் திறந்து முகர்ந்தார். "இதுல ஏன் கருப்பட்டி வாசம் அடிக்குது?"

கடிகாரம் டிக் டிக்கென்று நடந்தது. காலிதா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"மச்சான், நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு இது பிடிக்காது. ஒரு நாளும் பிடிச்சதில்ல. பதினோரு வருசமா ஒரு கரண்டிகூட ஆசையாத் தின்னதில்ல. நீங்க வெயில்ல நின்னு சம்பாரிச்சு அனுப்புனதை எப்படிப் பிடிக்கலேன்னு சொல்றது? ஒரு வாய் பொய்தானேன்னு சொன்னேன். அது வளந்து இருபத்திரெண்டு பாட்டிலாக் கெடக்கு. மனசு நோகாதீங்க."

பாக்கர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"காலிதா, எனக்கு இதோட வாசமே ஆகாது."

"என்ன சொல்றீங்க?"

"வாயில போட்டா ஒமட்டும். ஆனா நீ இங்கன தினம் ரெண்டு கரண்டி திங்கிறேன்னு சொன்னியா, நீ தனியாத் திங்க வேண்டாம்னு நானும் அங்கன தினமும் ராத்திரி எசா தொழுதுட்டு வந்து ரெண்டு கரண்டி தின்னேன். ஒன்னோட சேந்து உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். பதினோரு வருசம். ஒரு நாள்கூட மொடங்கலே. இந்தா, இவனக் கேளு."

காஜா நவாஸ் வாயில் சோற்றோடு தலையாட்டினார்.

காலிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தின்னாமல் தின்றேன் என்றாள். அந்தப் பக்கம் ஒருவர் அதை நம்பி, பிடிக்காததைத் தின்றார். இந்தப் பொய்யை ஏட்டில் எழுதிய வானவருக்கும் கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பிடிக்காதவரு பெறகு எதுக்கு மொத மொதல்ல அதை வாங்கி வச்சீங்க?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நான் எங்க வாங்குனேன்? நான் வாங்குனது கடிகாரம், போர்வை, அத்தரு, பவுடரு, புள்ளைக்குப் பொம்மை. அம்புட்டுதான். அப்படி ஒரு பாட்டில் பெட்டியில வந்துச்சுன்னே நீ போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்புட்டுச் சந்தோசமாச் சொல்றியேன்னு நானும் வாயைத் திறக்கலே. மறுநாளே கடைக்குப் போயி அதே பாட்டிலைத் தேடி வாங்குனேன்."

"அப்ப அந்த மொத பாட்டிலை வச்சது யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். காஜா நவாஸின் கை சஹனுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கூடம் முழுக்க உருண்டு கிடந்த பாட்டில்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மதினி, கண்ணாடிக் கடிகாரம் பெட்டிக்குள்ள ஆடக்கூடாதேன்னு, ரூம்ல யாரும் தொடாமக் கெடந்த ஒரு பாட்டிலை இடுக்குல முட்டுக் குடுத்தது நான்தான்... பிரிச்சதும் அதை நீங்க அட்டையோட சேத்துத் தூரப் போடலையா?"